வேறொருவர் பிரித்துப்போட்ட வண்டி

பதினேழு காபித்தூள் டின்கள், ஆறு பால் கிரேட்டுகள், சக்கரமில்லாத ஒரு சேசிஸ், அதன்மேல் ஒரு வெறும் கேபின், சுவரில் சாய்த்த மட்கார்டுகள், கதவுகள் மூன்று. மிச்சிகனில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து 2018 அக்டோபரில் நான் வாங்கிவந்த 1953 செவ்ரோலே 3100 பிக்கப் இவ்வளவுதான். ஒரு வண்டிக்குக் கதவு ஏன் மூன்று என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விற்றவர், வண்டிக்காரரின் மகள். அப்பா தொண்ணூறுகளில் பிரித்தாராம், திரும்பச் சேர்க்க வாய்க்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். 1,800 டாலர் கொடுத்தேன். வாடகை டிரெய்லரில் இரண்டு நடை. நோவை என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜில் இறக்கி முடித்தபோது மனைவி வெளியே வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டு, "காயலாங்கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டதோடு உள்ளே போய்விட்டாள்.

நான் மெக்கானிக் இல்லை. வேலை மென்பொருள். ஊரில் அப்பாவின் ஸ்கூட்டரில் பிளக் கழற்றி மாட்டியதுதான் அதற்கு முன் இருந்த அனுபவம். வண்டியைச் சாலையில் இறக்க நாலரை வருஷம் ஆனது. அதில் ஒன்றரை வருஷம், செய்ததைத் திரும்பச் செய்ததில் போனது. அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன்.

முதலில் இந்த வண்டி என்ன, இதன் உள்ளுறுப்புகளை ஏன் மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். 1947 கோடையில் செவ்ரோலே கொண்டுவந்த உருண்டைக் கன்னம் வைத்த பிக்கப் வடிவம், 1955 தொடக்கம் வரை ஓடியது. 3100 என்பது அதில் அரை டன் வகை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 116 அங்குலம். 1953-இல் அதற்குள் இருந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், நம் கணக்கில் மூன்றரை லிட்டர். பிஸ்டன்களைச் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங் தனியாக மாற்றக்கூடிய ஷெல் (மெல்லிய ஓடு) இல்லை, உருக்கி ஊற்றிய வெள்ளீயக் கலவை. ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி எண்ணெயை அள்ளிக்கொள்ளும். மெதுவாகப் போனால் நூறு வருஷம் ஓடும். ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போனால் பின் ஆக்ஸிலின் 4.11 கிரவுன் பினியன் விகிதத்தில் (ஷாஃப்ட் 4.11 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் கதறும்.

சரி, இன்ஜினை மட்டும் மாற்றலாமே என்றால் முடியாது. அந்த வண்டியில், இன்ஜின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் வெளியே தெரியாது. ஒரு கனத்த குழாய்க்குள் மூடி, குழாயின் முன்முனை கியர் பாக்ஸின் பின்னால் மாட்டியிருக்கும். பின் சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகத்தான் முன்னால் வரும். கியர் பாக்ஸை மாற்றினால் குழாய் போகும், குழாய் போனால் பின் ஆக்ஸில் போகும். புது இன்ஜினின் வேகத்துக்குப் பழைய ஒற்றைச் சர்க்யூட் டிரம் பிரேக் போதாது. 6 வோல்ட் மின்சாரத்தில் புது இன்ஜினின் கம்ப்யூட்டர் உயிர்பெறாது. ஒரு நூலை இழுத்தால் சட்டை முழுக்கப் பிரிந்து வருகிற கதை. வெளியே 1953, உள்ளே எல்லாம் புதுசு என்று முடிவானது என் ரசனையால் அல்ல, அந்தக் குழாயால்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கார் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவர். புது இன்ஜின் வைக்கப் போகிறேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழு வண்டியாக, சொந்த இன்ஜினோடு கிடைத்திருந்தால் நானும் அவர் கட்சிதான். அப்படிப்பட்ட வண்டியை அறுப்பது பாவம். என்னிடம் இருந்த இன்ஜினோ மழைநீர் இறங்கி, பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிப்போன இரும்புக்கட்டி.

இனி டின்களுக்கு வருகிறேன்.

பழைய சொந்தக்காரர் ஒழுங்கானவர். எல்லா டின்னிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் எழுதியிருந்தார். "முன் ஸ்பிரிங், வலது." "ரேடியேட்டர் தாங்கி, கீழ்." இதைப் பார்த்துத்தான் தைரியமாக வாங்கினேன். பிறகுதான் புரிந்தது, அவர் எழுதியது அவருக்காக. தனக்குத் தானே எழுதும் குறிப்பில் பாதி மண்டைக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு டின்னில் "ஹீட்டரோடு வந்தது" என்று மட்டும். இன்னொன்றில் "இது கடைசியில்." எதன் கடைசியில்? இருந்ததிலேயே நல்ல கதவின் உட்புறம் சாக்பீஸில் பெரிதாக: "இடது. இது அல்ல."

துரு ஏறாத, ஒடுங்காத, தங்கமான கதவு அது. அவருக்கு ஏதோ குழப்பம் என்று நானே முடிவுகட்டி, அதைக் கேபினில் மாட்டி, இடைவெளி பார்த்து, பிரைமரும் அடித்தேன். மூன்றாம் மாதம் கண்ணாடி வாங்கப் போனபோது கடைக்காரர், "முன்னால் முக்கோணக் கண்ணாடி உண்டா?" என்று கேட்டார். வலது கதவில் உண்டு, இடது கதவில் இல்லை. இந்த வண்டிகளில் காற்றுக்குத் திறக்கும் அந்த முக்கோணக் கண்ணாடி வந்தது 1951-இல். என் தங்கக் கதவு அதற்கு முந்தைய ஏதோ வண்டியுடையது. வீட்டுக்கு வந்து கிரேட்டுகளைக் கொட்டிப் பார்த்தால் பிரேக் தட்டுகளிலும் இரண்டு சாதி. செவ்ரோலே 1951-இல் கைவிட்ட பழைய வகை ஒன்று, அதற்குப் பின் வந்தது ஒன்று. ஆக மனிதர் இன்னொரு பழைய வண்டியின் உதிரிகளையும் வாங்கிச் சேர்த்திருக்கிறார். என் குவியலில் இருந்தது ஒன்றேகால் வண்டி. "இது அல்ல" என்று அவர் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். அடிப்பக்கம் அரித்துப்போன மூன்றாவது கதவுதான் உண்மையான இடது கதவு.

அதன்பிறகு செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் டிரைவ்வேயில் வண்டி வடிவத்திலேயே பரப்பினேன். முன்னால் இருக்க வேண்டியது முன்னால், இடது இடதில். தொழிற்சாலை தன் ஆட்களுக்காகப் போட்ட அசெம்பிளி வரைபடங்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மூன்று பட்டியல் எழுதினேன்: இருப்பது, இருந்தும் உதவாதது, இல்லாதது. ஆச்சரியம் என்னவென்றால் பெரிய சாமான்கள் கவலையே இல்லை. இந்த வண்டிக்குத் தகரம், ரப்பர், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் மரப்பலகை, கண்ணாடி எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தலைவலி தந்ததெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குபவை: பானெட் கீலின் ஒரு கொக்கி, கேபின் ரப்பருக்கு அடியில் போகும் ஒரு வளைந்த வாஷர், காற்றுக் கதவின் ஒரு கம்பி.

இன்னொன்று. இதே மாதிரி வண்டியை முழுசாக வைத்திருப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். அவர் வீட்டுக்கு ஒரு டஜன் டோனட் வாங்கிப் போய், அந்த வண்டியின் அடியில் இரண்டு மணி நேரம் படுத்துக்கிடந்து, 340 படம் எடுத்தேன். நாலரை வருஷத்தில் நான் செய்த மிக லாபகரமான வேலை அதுதான். வரைபடத்தில் ஒரு போல்ட் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எதற்கு முன்னால் மாட்டினால்தான் கை போகும் என்பதெல்லாம் நிஜ வண்டியில்தான் தெரியும்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சில மாநிலங்களில் இன்ஜின் எண்ணையே பதிவுப் பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பழைய இன்ஜினைக் காயலானுக்குப் போட்டால் வண்டியின் அடையாளமே போய்விடும். என் பத்திரத்தில் இருந்தது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஆணியடித்த தகட்டின் எண். தப்பித்தேன். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே பத்திரத்தையும் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சேசிஸ் விஷயத்தில் இரண்டு வழி இருந்தது. நிறையப் பேர் பழைய சேசிஸையே தூக்கிப்போட்டுவிட்டு, செவ்ரோலேயின் எஸ்-10 என்ற சின்ன பிக்கப்பின் சேசிஸ்மேல் இந்தக் கேபினை உட்காரவைக்கிறார்கள். நீளத் தொட்டி வைத்த எஸ்-10-இன் சக்கர இடைவெளி 117.9 அங்குலம், கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸில் எல்லாம் ஒரே விலையில் தயாராக வரும். ஆனால் கேபின், ரேடியேட்டர், தொட்டி, மிதிபலகை எல்லாவற்றுக்கும் தாங்கிகளைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டும். ஏற்கெனவே பாதி விஷயம் தெரியாத வண்டியில், தெரிந்த ஒரே விஷயம் பழைய சேசிஸின் துளைகள்தான். எந்தத் தாங்கி எங்கே என்று அந்தத் துளைகள் சொல்லும். அதை எறிய மனம் வரவில்லை. முன்பக்கத்துக்கு மட்டும், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் கிட் வைத்தேன். ஃபோர்டு 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்டாங் II காரின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. கார் பேர்போனதல்ல, ஆனால் அதன் முன் சஸ்பென்ஷன் கையடக்கமானது. அதனால் பழைய வண்டி கட்டுகிறவர்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். இன்று கிட்டில் வரும் பாகங்கள் அத்தனையும் புதியவை. டிஸ்க் பிரேக், ரேக் ஸ்டியரிங் எல்லாம் சேர்த்து.

இங்கேதான் பிரித்துக் கிடந்த வண்டியின் முதல் பெரிய சிக்கல். கிட்டை வெல்டு செய்யுமுன் முன் சக்கரத்தின் மையம் சேசிஸில் எங்கே விழுகிறது என்று குறிக்க வேண்டும். ஓடுகிற வண்டியானால் பழைய ஆக்ஸிலின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டுக்கொள்வார்கள். என் ஆக்ஸில் இருபது வருஷமாகக் கொட்டகை மூலையில் கிடக்கிறது. ஆக்ஸிலைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை மறுபடி மாட்டி, அவற்றின் நடு போல்ட்டிலிருந்து குண்டு விட்டேன். எடை ஏறாத பட்டை வளைந்தே நிற்கும், மையம் நகர்ந்துவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் கேபின், ரேடியேட்டர் தாங்கி, மிதிபலகை, மட்கார்டு எல்லாவற்றையும் போல்ட் போட்டு நிறுத்தி, மட்கார்டின் வளைவுக்குள் ஒரு டயரை நிற்கவைத்து, கண்ணுக்கு எங்கே சரியாக இருக்கிறதோ அங்கே குறித்தேன். குண்டு காட்டிய இடத்துக்கும் கண் காட்டிய இடத்துக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். கண்ணைத்தான் நம்பினேன். வண்டியைப் பார்க்கிறவர் யாரும் தூக்குக்குண்டோடு வரப்போவதில்லை.

பிறகு மூலைக்கு மூலை அளந்தேன். சேசிஸின் இடது முன் துளையிலிருந்து வலது பின் துளை, அப்புறம் மாற்றி. இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் சாயவில்லை என்று அர்த்தம். திறந்த சி வடிவச் சட்டத்தின் முன்பகுதியை 3/16 அங்குலத் தகடு வைத்துப் பெட்டியாக மூடினால்தான் கிட்டின் பாரம் தாங்கும். பொட்டு வெல்டு மட்டும் நான் வைத்தேன். முழு வெல்டிங்கை அதையே தொழிலாகச் செய்பவரை வீட்டுக்கு வரவழைத்துப் போடவைத்தேன். கேபின் தகரத்தில் வெல்டிங் பழகலாம், ஸ்டியரிங் தொங்குகிற இடத்தில் பழகக் கூடாது.

பின் ஆக்ஸில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து. 1995 முதல் 2001 வரையிலான மாடல்களில் பின்னாலும் டிஸ்க் பிரேக் உண்டு. அந்த டிஸ்க்கின் குடத்துக்குள்ளேயே கைப்பிரேக்குக்கு ஒரு சின்ன டிரம்மும் இருக்கும். அகலம் 59.5 அங்குலம், இந்தத் தொட்டிக்குள் பொருந்தும். மிச்சிகன் உப்புச் சாலையில் இந்த ஜீப் ரகங்களின் உடம்பு அரித்துப்போகும், ஆக்ஸில் மட்டும் கல்லாக நிற்கும். அதனால் உடைப்பு யார்டுகளில் மலிவு. நம் புதுப்பேட்டை மாதிரி ஆள் கழற்றித் தருவதில்லை. நாமே கருவிப் பெட்டியோடு போய்ச் சேற்றில் படுத்துக் கழற்றிக்கொள்ள வேண்டும். முன் கிட்டை ஆர்டர் செய்யுமுன் இதை முடிவு செய்தது நல்லதாயிற்று. பழைய செவ்ரோலே சக்கரத்துக்கு ஆறு போல்ட், எக்ஸ்ப்ளோரருக்கு நாலரை அங்குல வட்டத்தில் ஐந்து. முன் கிட்டையும் அதே ஐந்து போல்ட்டில் வாங்கினேன். இல்லாவிட்டால் இரண்டு ஸ்டெப்னி தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

இன்ஜினுக்கு 2004 சில்வராடோ பிக்கப் ஒன்றை முழுசாக வாங்கினேன். பின்னாலிருந்து மோதி நசுங்கியது, முன்பக்கம் பழுதில்லை. 2,600 டாலர். உள்ளே 5.3 லிட்டர் வி8, நாலு கியர் ஆட்டோமேட்டிக். அந்த இன்ஜினில் பாதி சிலிண்டரை அணைத்துப் பெட்ரோல் சேமிக்கும் பிற்கால வித்தை இல்லை. அதனாலேயே தேடிப்பிடித்தது. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில். ஆகவே கேபினின் முன் தகட்டில் இடிக்க இன்ஜினின் முதுகில் எதுவும் துருத்திக்கொண்டிருக்காது.

இன்ஜினைத் தனியாக விற்கிறார்கள், ஆயிரம் டாலர் குறைவாகவே கிடைக்கும். வாங்காதீர்கள். முழு வண்டியாக வாங்கினால் ஓடவிட்டுக் கேட்கலாம், ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம் கூட வருகிற சில்லறை. இந்த இன்ஜினுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. மிதி, மிதிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு பெட்டி, கம்ப்யூட்டர், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் வால்வு திறக்கும். மூன்றையும் தனித்தனியாக வாங்கி மாதக்கணக்கில் அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தேவையானது போக மிச்சத்தை, கதவு, சீட், ரேடியேட்டர் என்று விற்றதில் 1,400 டாலர் திரும்பி வந்தது. நம்மிடம் காபி டின் அனுபவம் இருந்ததால் இந்த முறை ஒவ்வொரு ஒயரையும் கழற்றுமுன் டேப் ஒட்டினேன். "இது எதற்கு, எதிலிருந்து எதற்கு, எந்தப் பக்கம்" என்று முழு வாக்கியமாக எழுதினேன். வேறு யாரோ படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுதினேன். எட்டு மாதம் கழித்து அந்த வேறு யாரோ நான்தான்.

சில்வராடோவின் எண்ணெய்ச் சட்டி ஆழமானது, புது முன் சட்டத்தின்மேல் உட்காராது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கமாரோ காரின் சட்டி இதே இன்ஜின் குடும்பத்துக்கு, ஆழம் குறைவு. அதை மாட்டினேன். பெட்ரோல் டேங்க் பழைய வண்டியில் கேபினுக்குள், சீட் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை போலிருக்கிறது. புதுசைத் தொட்டிக்கு அடியில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்தேன். பம்பும் அதற்குள். இந்த இன்ஜினுக்கு அழுத்தம் 58 பவுண்டு வேண்டும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாயெல்லாம் இதற்கு ஆகாது, இன்ஜெக்ஷன் என்று அச்சிட்ட குழாய் மட்டுமே.

இனி நான் மிகவும் வலியுறுத்துகிற விஷயம். பெயின்ட் அடிக்குமுன் வண்டி முழுவதையும் வெற்று இரும்பில் ஒருமுறை கட்டி முடியுங்கள். முழுவதையும் என்றால் எக்ஸாஸ்ட், ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஹோஸ், கைப்பிரேக் கேபிள், நம்பர் பிளேட் வரை. ஸ்டியரிங் தண்டு இடது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உரசுகிறதா, பானெட் மூடினால் காற்றுக் குழாய் இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நான் முக்கால்வாசி கட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்று பிரித்து சேசிஸைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினேன். கட்டாமல் விட்ட கால்வாசிதான் பிறகு பழிவாங்கியது.

அந்தக் கால்வாசியில் கேபின் தரையும் ஒன்று. மிதிபலகை ஓரம், கேபினின் பின் மூலைகள், கால் வைக்கும் தரை மூன்றும் இந்த வண்டிகளில் அரிக்காமல் இருந்தால் அதிசயம். பழைய தரையை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டிப் பார்த்ததால் கியர் பாக்ஸ் தாராளமாக இருந்தது. புதுத் தரை வெல்டு செய்தபின் கியர் பாக்ஸின் தோள் தரையில் முட்டியது. தரையை மறுபடி அறுக்க மனமில்லாமல் கியர் பாக்ஸ் தாங்கியை ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டேன். அரை மணி நேர வேலை. அதன் வட்டியைப் பின்னால் சொல்கிறேன்.

கேபின் மூலையை அறுக்கும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு அறுங்கள். நான் வலது பக்கம் கொடுத்தேன், இடது பக்கம் அவசரத்தில் விட்டேன். வலது கதவு இன்று ஃபிரிட்ஜ் மாதிரி மூடுகிறது. இடது கதவை மூட ஒரு தனி நுட்பம் உண்டு, வீட்டில் எனக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும்.

பிரேக்கில் அறியாமல் போனால் ஆபத்தான ஒன்று. இந்த வண்டியில் பிரேக் மிதி தரையைத் துளைத்துக் கீழே போகும், மிதியின் விசையைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில். அதாவது அது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களைவிடத் தாழ்ந்த இடத்தில். வண்டி நிற்கும்போது பிரேக் எண்ணெய் மெல்ல மாஸ்டருக்கே வடிந்து திரும்பிவிடும், காலையில் முதல் மிதி தரையைத் தொடும். இதைத் தடுக்க ஒவ்வொரு டிஸ்க் லைனிலும் 2 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வு போட வேண்டும். டிரம்முக்கு அது 10 பவுண்டு. மாற்றிப் போட்டால் டிஸ்க் விடாமல் உரசிச் சூடேறும். பூஸ்டர் வைக்க இடமில்லாமல் மிதியின் நெம்புகோல் விகிதத்தை ஆறுக்கு ஒன்று வைத்தேன். லைன்கள் அத்தனையும் ஸ்டீல், முனை இரட்டை மடிப்பு. முதல் பத்து முனைகளும் கசிந்தன. பதினொன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது.

போல்ட்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாததைச் சஸ்பென்ஷனிலோ பிரேக்கிலோ கிட்டவே சேர்க்காதீர்கள், டின்னில் எவ்வளவு அழகாக லேபிள் ஒட்டியிருந்தாலும்.

2022 ஜூனில் முதல்முறை சாவி போட்டேன். செல்ஃப் மோட்டார் முனகியது, டாஷ்போர்டு விளக்குகள் தீபாவளி மாதிரி மினுக்கின, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரி புதுசு. பதினோரு நாள் ஒயரிங்கில் தேடினேன். கம்ப்யூட்டரே போய்விட்டது என்று இன்னொன்று ஆர்டர் செய்யும் அளவுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் மாட்டி, "இப்போது போடு" என்றார். ஒரே உறுமல். சேசிஸ் முழுக்க மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங், கேபின் நிற்பது ரப்பர்மேல், இன்ஜின் நிற்பதும் ரப்பர்மேல். எர்த் போக வழியே இல்லை. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு, சேசிஸிலிருந்து கேபினுக்கு என்று மூன்று தடித்த எர்த் பட்டைகள், ஒவ்வொரு முனையிலும் கோட்டிங்கைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில். முப்பது டாலர் செலவில் முடிந்தது. அன்றிலிருந்து பெரியவர் புது இன்ஜினைப் பற்றிக் குறை சொல்வதில்லை. தானே ஓடவைத்தது என்ற உரிமை வந்துவிட்டது.

இனி அந்த ஒன்றரை அங்குலத்தின் வட்டி. 2023 ஏப்ரலில் சாலைக்கு வந்தோம். 45 மைல் வரை பட்டு மாதிரி. 50-ஐத் தாண்டினால் தரை, சீட், பல் எல்லாம் நடுங்கியது. சக்கரம் பேலன்ஸ் செய்தேன், ஷாஃப்ட்டைக் கொண்டுபோய் பேலன்ஸ் செய்தேன், டயர் மாற்றினேன். எண்ணூறு டாலர் போனபின்தான் கோணத்தை அளக்கத் தோன்றியது.

விஷயம் இதுதான். கியர் பாக்ஸின் வெளித்தண்டும் பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் போய்ச் சேரும் பினியனும் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுக்கொன்று இணைகோடாக நிற்க வேண்டும். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட்டும் அதே கோணத்தில் வளைந்திருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது தின்றுவிடும். நான் ஆக்ஸிலில் ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடையை வெல்டு செய்தபோது இன்ஜின் 3 டிகிரி பின்சாய்வு. பட்டையின் முறுக்கத்துக்கு ஒரு டிகிரி விட்டு, பினியனை 2 டிகிரி மேல்நோக்கி வைத்தேன். சரியான கணக்கு. அப்புறம் கியர் பாக்ஸை ஒன்றரை அங்குலம் இறக்கினேனே, அது இன்ஜினை ஐந்தரை டிகிரிக்குச் சாய்த்துவிட்டது. பினியன் பாவம், பழைய கணக்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

பட்டைக்கும் மேடைக்கும் நடுவே 3 டிகிரி ஆப்பு இரண்டு வைத்தேன், ஸ்டீலில். அலுமினிய ஆப்பு மலிவு, ஆனால் நசுங்கும். நடுக்கம் போயிற்று. சரியான வைத்தியம் தரையை அறுத்து கியர் பாக்ஸைப் பழைய உயரத்துக்கு ஏற்றுவதுதான். என்றைக்காவது செய்வேன். நீங்கள் கட்டுவதானால், இன்ஜின், கேபின் தரை, தொட்டி எல்லாம் அதனதன் இடத்தில் நின்று, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபிறகு மட்டும் அந்த மேடைகளை முழுசாக வெல்டு செய்யுங்கள். அதுவரை பொட்டு வெல்டு போதும்.

இப்போது 65 மைலில் இன்ஜின் 2,000 சுற்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. மனைவி சாய்ந்து தூங்குகிறாள். செலவு எழுதி வைத்திருக்கிறேன்: 33,700 டாலர், கருவிகள் தனி. ஏறக்குறைய இதே பணத்துக்கு யாரோ கட்டி முடித்த ஒன்றை வாங்கியிருக்கலாம். வண்டி வேண்டுமென்றால் அதைச் செய்யுங்கள். கராஜில் ராத்திரி பத்து மணிக்கு ரேடியோ போட்டுக்கொண்டு ஒரு தாங்கியை எட்டு விதமாகத் திருப்பிப் பார்ப்பது பிடிக்குமென்றால் மட்டும் டின்களை வாங்குங்கள்.

"இது கடைசியில்" என்ற டின்னில் இருந்தது வைப்பர் சாமான். இந்த வண்டிகளில் வைப்பர் இன்ஜினின் உறிஞ்சு விசையால் ஓடும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் விசை குறைந்து வைப்பர் நின்றுவிடும், மழையானாலும். இந்தக் குளிர்காலத்தில் அதை மின்மோட்டாருக்கு மாற்றப் போகிறேன். கிட் வந்துவிட்டது. பழைய வைப்பரின் கைகள் டாஷ்போர்டுக்குப் பின்னால் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று நாலு பக்கமும் படம் எடுத்தாயிற்று. இன்னும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.